ஒரு முற்றத்தில் இரண்டு வண்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும், படலைக்கு அப்பால் மாமரத்து நிழலிலே இரண்டு வண்டிகள் நிற்கக் காணலாம். ஒன்று மோட்டார் சைக்கிள், மற்றது ஸ்கூட்டர். முன்னது வீட்டுத் தலைவருடையது, பின்னது அவருடைய மனைவியாருக்கோ மகளுக்கோ உரியது என்று பார்த்த மாத்திரத்தே தீர்ப்புக் கூறுவோர் பலர். அத்தீர்ப்பு எல்லா வீட்டுக்கும் பொருந்துவதில்லை. எமது முற்றத்திலும் இரண்டும் நிற்கின்றன. வீட்டார் எல்லோரும் இரண்டிலும் ஏறுகின்றோம். காலையில் எவர் எதனை எடுத்துச் செல்வது என்பதைத் தீர்மானிப்பது ஆண் பெண் என்ற பேதம் அன்று. அன்று போகவேண்டிய தெருவும், ஏற்றவேண்டிய சாமானும், வானத்தின் நிலையுமே அதனைத் தீர்மானிக்கின்றன.

“இரண்டில் எது நல்லது?” என்று மாணவ நேயர்கள் அடிக்கடி கேட்கின்றனர். அகப்பை நல்லதா, அரிவாள் நல்லதா என்று கேட்பது போன்ற கேள்வி இது. ஆயினும், இரண்டும் எவ்வாறு பிறந்தன என்பதை அறிந்தால் கேள்வி தானே பாதி கரைந்துவிடும்.

மோட்டார் சைக்கிள் மூத்தது. ஜேர்மனியிலே டைம்லர் என்பாரும் மைபாக் என்பாரும் 1885ஆம் ஆண்டில் மரச்சட்டம் ஒன்றிலே சிறிய இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டிக் காட்டினர். இயந்திரம் இருக்கைக்கு நேர் கீழே இருந்தமையால், முதல் ஓட்டத்திலேயே இருக்கை தீப்பற்றிக்கொண்டது என்பர். அதற்குப் பின் அறுபது ஆண்டுகள் அவ்வினத்தின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. நடுவிலே இயந்திரம், அதன்மேல் எண்ணெய்த் தாங்கி, குதிரைமேல் ஏறுவதுபோலக் காலைத் தூக்கிப் போட்டு ஏறவேண்டிய இருக்கை. எண்ணெய்க் கறையும் சேற்றுத் தெறிப்பும் ஓட்டுபவரின் கூலி.

ஸ்கூட்டரின் பிறப்பு வேறு விதமானது. இரண்டாம் உலகப் போரிலே இத்தாலியின் பொந்தெதேரா நகரிலிருந்த பியாஜியோ விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சால் சிதைந்தது. போர் முடிந்ததும் விமானம் செய்ய வழியில்லை. தொழிலாளருக்கோ வேலை வேண்டும். சனங்களுக்கோ மலிவான வாகனம் வேண்டும். அந்நிலையில் தஸ்கானியோ என்ற பொறியியலாளரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர் ஹெலிக்கொப்ரர் அமைப்பதிலே பெயர்பெற்றவர். மோட்டார் சைக்கிள் என்றாலோ அவருக்கு அறவே பிடியாது. அழுக்கானது, ஏற முடியாதது, ரயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு என்பன அவர் கண்ட குறைகள். ஆகையால் அக்குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்தார். இயந்திரத்தைப் பின்சக்கரத்தின் பக்கத்திலே வைத்துத் தகட்டால் மூடினார். சங்கிலியை ஒழித்தார். விமானத்தின் தரையிறங்கு சக்கரத்தைப் போல ஒரு பக்கத்துத் தாங்கியிலே முன்சக்கரத்தை மாட்டினார். பாவாடை அணிந்த பெண்ணும் நீண்ட அங்கி தரித்த பாதிரியாரும் காலைத் தூக்காமலே ஏறும் வண்ணம் நடுவிலே வெளி விட்டார். 1946இல் அது வெளிவந்தது. தொழிற்சாலை அதிபர் அதன் ஒடுங்கிய இடையையும் இரைச்சலையும் கண்டு குளவியைப் போல இருக்கிறதே என்றாராம். இத்தாலிய மொழியில் குளவிக்குப் பெயர் வெஸ்பா. அடுத்த ஆண்டிலே மிலான் நகரிலிருந்து லம்பிரெற்றா வந்து போட்டிக்கு நின்றது.

ஆகவே, மோட்டார் சைக்கிளை நேசித்தவர்கள் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். அதனை வெறுத்த ஒருவர் ஸ்கூட்டரைச் செய்தார். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு இரண்டிலும் மாறி மாறி ஏறிப் பார்த்தால் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் விளங்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவிலே ஒன்றும் உண்டு. நம்மவர் மறக்க முடியாதது. 1958இல் ஜப்பானிலே ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் என்ற சிறு வண்டி, ஸ்கூட்டரைப் போல ஏற எளிது. மோட்டார் சைக்கிளைப் போலப் பெரிய சக்கரமுடையது. கியரைக் காலால் மாற்றவேண்டும். ஆனால் கிளச்சுப் பிடி கிடையாது. ஒரு கையிலே உணவுத் தட்டைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஓட்டிச் செல்லும் சாப்பாட்டுக் கடைப் பையன்களை எண்ணியே அவ்வாறு அமைத்தனர். 2017ஆம் ஆண்டளவில் பத்துக் கோடி வண்டிகள் அவ்வினத்தில் உற்பத்தியாகிவிட்டன. உலகிலே வேறெந்த மோட்டார் வாகனமும் அத்தொகையை எட்டியதில்லை. நம் நாட்டுத் தெருக்களிலே ஓடிய ஹொண்டா 50, 90 என்பனவும், ஜப்பானியத் தபாற்காரருக்கென்று செய்யப்பட்டுப் பின்னர் பழைய வண்டிகளாக இங்கு வந்து சேர்ந்த எம்.டி. 90 என்பதும் அக்குடும்பத்தவையே. எமது முற்றத்து மோட்டார் சைக்கிளும் அவற்றுள் ஒன்றுதான் என்று சிலர் எண்ணக்கூடும்; இல்லை, அது கிளச்சும் சங்கிலியும் உள்ள 125 சி.சி. வண்டி.

இனித் தெருவுக்கு வருவோம். ஸ்கூட்டரின் சக்கரம் பெரும்பாலும் பத்து அல்லது பன்னிரண்டு அங்குல விட்டமுடையது. மோட்டார் சைக்கிளினது பதினேழு, பதினெட்டு. குழியிலே விழும்போது சிறிய சக்கரம் ஆழமாக இறங்கி, குழியின் மறு விளிம்பிலே செங்குத்தாக மோதுகிறது. பெரிய சக்கரம் மேலோட்டமாகக் கடந்துவிடுகிறது. வடமராட்சியின் மணல் ஒழுங்கைகளிலே ஸ்கூட்டரின் முன்சக்கரம் தன் விருப்பப்படி அலைவதற்கும் காரணம் இதுவே. அதனோடு, ஸ்கூட்டரின் பாரத்திற் பெரும்பங்கு பின்னாலேயே இருக்கிறது, முன்பக்கம் இலேசானது. ஆனையிறவிலோ பண்ணைப் பாலத்திலோ கடற்காற்றுப் பக்கவாட்டில் அடிக்கும்போது ஸ்கூட்டரை ஓட்டுபவருக்கு அது நன்றாக விளங்கும். மோட்டார் சைக்கிளிலே தாங்கியை இரு முழங்கால்களாலும் இறுகப் பற்றிக்கொள்ளலாம். வண்டியும் ஆளும் ஒன்றாகச் சாய்வர். ஸ்கூட்டரிலோ நாற்காலியில் இருப்பதுபோல் இருக்கவேண்டும், பற்றுவதற்கு ஒன்றுமில்லை.

மலைநாட்டு நேயர்களுக்கு வேறொன்று சொல்லவேண்டும். நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கமாக இறங்கும் நெடுஞ் சரிவிலே, மோட்டார் சைக்கிள்காரர் இரண்டாம் கியருக்கு மாற்றி இயந்திரத்தின் பலத்தாலேயே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். இக்காலத்து ஸ்கூட்டரில் அந்த வசதி இல்லை. அதில் இரண்டு கப்பிகளும் அவற்றைச் சுற்றிய றபர்ப் பட்டியுமே கியரின் வேலையைச் செய்கின்றன. வேகம் கூடக் கூடப் பட்டி ஒரு கப்பியில் மேலேறி மற்றதில் கீழிறங்குகிறது. ஓட்டுபவர் விரும்பிய கியரைப் பிடித்து வைத்திருக்க இயலாது. ஆகவே சரிவு முழுவதும் பிறேக்கே தாங்கவேண்டும். பிறேக் சூடேறினால் அதன் பிடி தளரும். இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு இறங்குவது நேரத்தை வீணாக்குவது அன்று.

ஆனால் சந்தைக்குப் போகும்போது ஸ்கூட்டருக்கு நிகர் இல்லை. கால் வைக்கும் தட்டிலே 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரை நிறுத்தி, கொளுவியிலே மரக்கறிப் பையை மாட்டி, இருக்கையின் கீழே தேங்காயும் மாவும் அடைத்துக்கொண்டு வரும் வண்டி அது. மோட்டார் சைக்கிளிலே அதே சிலிண்டரைப் பின்னால் வைத்துக் கயிற்றால் வரிந்துகட்டி, ஒவ்வொரு மதகிலும் திரும்பிப் பார்த்துக்கொண்டு வரவேண்டும். சேலை உடுத்த ஆசிரியை ஒருவர் பாடசாலைக்குத் தாமே ஓட்டிச் செல்வதற்கும் ஸ்கூட்டரே ஏற்றது. ஐப்பசி கார்த்திகையிலே ஒழுங்கை வெள்ளமாகும்போது மட்டும் நிலைமை மாறும். பட்டி இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் பட்டி வழுக்கும். இயந்திரம் இரையும், சக்கரமோ அசையாது. அந்நாளிலே மோட்டார் சைக்கிள்தான் முற்றத்தை விட்டுப் புறப்படும்.

பராமரிப்பிலும் இரண்டின் குணம் வேறு. சங்கிலி தன் குறையை வாய்விட்டுச் சொல்லும். தளர்ந்தால் கடகடக்கும், காய்ந்தால் கிரீச்சிடும். பட்டியோ மூடிய பெட்டிக்குள் ஓசையின்றித் தேய்ந்து ஒருநாள் நடுத்தெருவிலே அறும். கைந்நூலிலே குறித்த தூரம் ஓடியதும், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், மாற்றிவிடுவதே முறை.

இவையெல்லாம் வசதி பற்றியன. உயிர் பற்றிய விடயம் ஒன்றுண்டு. இரண்டையும் வைத்திருக்கும் வீட்டார் அதனை அவசியம் சிந்திக்கவேண்டும். அது இடது கை பற்றியது.

மோட்டார் சைக்கிளின் இடது கைப்பிடியிலுள்ளது கிளச்சு. ஸ்கூட்டரின் இடது கைப்பிடியிலுள்ளது பின்பிறேக். இரண்டும் தோற்றத்திலே ஒன்று. விரலுக்கும் ஒன்றாகவே தோன்றும். அமைதியாக ஓட்டும்போது மூளை கவனித்துக்கொள்ளும். ஆனால் ஒழுங்கையிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி திடீரெனப் பாய்கிறது. அப்பொழுது செயற்படுவது மூளை அன்று, பழக்கம். நாள்தோறும் ஸ்கூட்டர் ஓட்டியவர் அன்று மோட்டார் சைக்கிளிலே போனால், இடது பிடியை முழுப் பலத்தோடு இழுப்பார். வண்டி நிற்பதற்குப் பதிலாக இயந்திரத்தின் பிடியிலிருந்து விடுபட்டு வழுக்கிக்கொண்டு போகும். பின்பிறேக் வலது காலின் கீழே கிடக்கிறது என்ற நினைவு வருமுன் காரியம் முடிந்துவிடும். மாறாக, மோட்டார் சைக்கிள் பழக்கமுள்ளவர் ஸ்கூட்டரிலே போனால், நிறுத்தும்போது கிளச்சைப் பிடிப்பதாக எண்ணி இடது பிடியை ஒரே இழுவையாக இழுப்பார், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், நனைந்த தெருவாயின் வண்டி குறுக்கே திரும்பி விழும். இரண்டாவது தவறு கையை உரசும். முதலாவது தவறு ஆளையே கொண்டுபோகும்.

பழைய வண்டிகளிலே இக்குழப்பம் இன்னும் அதிகம். பழைய வெஸ்பாவின் இடது கைப்பிடியைத் திருகினால் கியர் மாறும். பின்பிறேக் வலது காலின் கீழே இருந்தது. சென்னையிலே செய்யப்பட்ட பழைய புல்லட்டில் கியர் வலது காலிலும் பிறேக் இடது காலிலும் இருந்தன. அவற்றைச் சேகரித்து வைத்திருக்கும் அன்பர்கள் இன்றும் உளர். ஒரு வண்டியிலிருந்து இறங்கி மற்றதில் ஏறும்போது அவர்கள் செய்வதையே எமது வீட்டிலும் செய்கிறோம். படலையைத் தாண்டுமுன், முற்றத்திலேயே வண்டியை மெல்ல உருட்டி, எல்லாப் பிறேக்குகளையும் மும்முறை பிடித்து நிறுத்திப் பார்ப்பது. அரை நிமிடத்து வேலை. கையும் காலும் அன்றைக்கு எந்த வண்டி என்பதை உணர்ந்துகொள்ளும். அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும், மழை இரவிலும், தாம் அன்றாடம் ஓட்டாத வண்டியை எடுப்பதில்லை என்பதும் எமது வீட்டு விதி. அவ்வேளைகளிலேதான் பழக்கம் அறிவை முந்திக்கொள்ளும்.

இந்நாட்டிலே தெரு விபத்தால் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாள்கின்றனர். அவர்களுள் மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் சென்றவர்களே பெருந்தொகையினர். எனவே தலைக்கவசத்தைக் கைப்பிடியிலே மாட்டிக்கொண்டு, பொலிசாரைக் கண்டதும் தலைக்கு மாற்றும் சாமர்த்தியசாலிகளைக் கண்டால் எமக்குச் சிரிப்பு வருவதில்லை. ஸ்கூட்டர் உள்ள வீடுகளிலே வேறொரு வழக்கமும் பரவி வருகிறது. மூன்று நான்கு வயதுக் குழந்தையைக் கால்வைக்கும் தட்டிலே முன்னால் நிறுத்திக்கொண்டு போகின்றனர். குழந்தைக்கு அது கொண்டாட்டம். தாய்க்கும் கண்முன்னே பிள்ளை நிற்பது ஆறுதல். ஆனால் திடீரென்று பிறேக் பிடித்தால் குழந்தையின் முகமும் கைப்பிடியின் நடுப்பகுதியும் ஒரே உயரத்தில் இருக்கின்றன என்பதைப் பெற்றோர் ஒருமுறை குனிந்து பார்த்தல் வேண்டும். அதுபோலவே, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து செல்லும் பெண்கள், சேலைத் தலைப்பும் சால்வையும் பின்சக்கரத்தில் சிக்காதபடி இழுத்துச் செருகிக்கொள்ளல் வேண்டும். சக்கரத்துக்குக் காவற் கம்பி பூட்டாத வண்டியில் ஏற மறுப்பது நாணப்படவேண்டிய காரியம் அன்று.

எரிபொருளைப் பற்றிச் சொல்லாமல் நம் நாட்டு வாகனக் கதை நிறைவெய்தாது. 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் கியூ.ஆர். அட்டை முறை வந்து, ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று விதித்தனர். ஸ்கூட்டருக்கும் அதுவே. லீற்றருக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டாலும் 180 கிலோமீற்றர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஏறக்குறைய 33 கிலோமீற்றர், போய்வர 66, ஐந்து நாள் பாடசாலை என்றால் 330. மூன்றாம் நாளோடு தாங்கி வறண்டுவிடும். இரண்டு வண்டி வைத்திருந்தோர் தப்பிப் பிழைத்திருப்பர் என்று தோன்றும். ஆனால் ஆரம்பத்திலே ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வாகனம் என்பது விதி. இரண்டு வண்டியும் தந்தையின் பெயரிலேயே பதிவாகியிருந்த வீடுகளிலே, மகள் நாள்தோறும் ஓட்டிய ஸ்கூட்டர் மூலையில் நின்றது. மகளின் பெயரிலே பதிந்திருந்த வீட்டில் இரு அட்டையும் கிடைத்தன. சொத்தைப் பெண்ணின் பெயரில் எழுதுவது சீதனத்தின்போது மட்டுமே நினைவுக்கு வரும் சமூகத்திலே, இது எதிர்பாராத பாடமாயிற்று.

அதனிலும் கடிய காலத்தைக் கண்டோர் யாழ்ப்பாணத்தில் இன்றும் உள்ளனர். 1990களின் முற்பகுதியிலே பொருளாதாரத் தடையால் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது நின்றது. சொட்டுச் சொட்டாகக் கிடைத்த பெற்றோலுக்கு ஆனை விலை. அக்காலத்திலே ஹொண்டா 50, 90 வண்டிகளும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்திலே எளிதில் ஆவியாகாது. ஆகவே தொடங்குவதற்குப் பெற்றோல் வேண்டும். ஒரு சிறிய பிளாஸ்ரிக் போத்தலிலே பெற்றோலை வைத்துக்கொண்டு, காபறேற்றருக்குள் சில துளிகளைப் பீச்சி மிதிப்பார்கள். வண்டி உயிர்பெற்றுச் சூடேறியதும் மண்ணெண்ணெயிலே தொடர்ந்து ஓடும். பழைய இயந்திரங்கள் கலவையை அதிகம் அழுத்தாதவை என்பதனாலேயே அது சாத்தியமாயிற்று. அழுத்தம் மிகுந்த புதிய இயந்திரம் மண்ணெண்ணெயைக் கண்டால் இடித்துக்கொண்டு நின்றுவிடும். புகை கண்ணைக் கரிக்கும், பிளக்கு கரிபிடிக்கும், ஒயில் நீர்த்துப்போகும். அத்தனைக்கும் ஈடுகொடுத்து, கர்ப்பிணிகளையும் நோயாளரையும் ஏற்றிச் சென்ற வண்டிகள் அவை. பெண்கள் பெரும்பாலும் சைக்கிளையே மிதித்தனர். பல மைல் மிதித்துப் பழகிய அக்கால்களுக்குப் பின்னாளில் ஸ்கூட்டர் கிடைத்தபோது, அதனை நாகரிக மோகம் என்று சொன்னவர்கள் அவர்கள் மிதித்த தூரத்தை அளந்தறியாதவர்கள்.

ஸ்கூட்டர் ஆணுக்கு இழுக்கு, மோட்டார் சைக்கிள் பெண்ணுக்குப் பொருந்தாது என்ற பேச்சு எமக்கு விளங்குவதேயில்லை. முதுகு நோவுள்ள பெரியவர்கள், காலைத் தூக்கிப்போட முடியாத நிலையிலும், ஊரார் சிரிப்பர் என்று மோட்டார் சைக்கிளையே கட்டிக்கொண்டு அழுவதைக் காண்கிறோம். தஸ்கானியோ நினைத்த பாதிரியார் ஆண்மகன்தானே.

இறுதியாக, மாணவ நேயர் சிலர் விரும்பும் தகவல். சாரதி அனுமதிப்பத்திரத்திலே இருசக்கர வாகனங்களுக்கு இரண்டு வகுப்புகள் உண்டு. ஏ1 என்பது 100 சி.சி. வரையுள்ளவற்றுக்கு; ஏ என்பது அதற்கு மேற்பட்டவற்றுக்கு. ஸ்கூட்டர் சிறியதுதானே, ஏ1 போதும் என்று எண்ணிவிடவேண்டாம். இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டர்களிற் பல 110 சி.சி. உடையவை. அவற்றுக்கு ஏ வகுப்பே வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாமல் இரண்டும் கிடையா. பதினாறாவது பிறந்தநாளுக்கென்று மாமனார் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்கித் தந்த வண்டியாயின், இரண்டு வருடம் அது முற்றத்திலே நிற்கட்டும். சங்கிலிக்கு எண்ணெய் விடவும், ரயருக்குக் காற்றுப் பார்க்கவும், பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டவும் அதற்குள் பழகிக்கொள்ளலாம்.